மாமனாரின் ஐஸ் பெட்டியும் என் பேட்டரி ஞானமும்

ஒவ்வொரு குடும்பத்திலும் போனைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருப்பார். யாராவது போனைச் சார்ஜில் போட்டால், "எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்பார். "நாப்பது" என்று பதில் வந்தால் உச்சுக் கொட்டுவார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள், காதுகுத்துக்குக் கூப்பிடுங்கள், மொய்யையும் வாங்கிக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் மட்டும் அவரை நம்பி ஒரு போனை விட்டுவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான்.

நான் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். யூரியாவுக்கும் லித்தியத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் மத்தியான வேளையில் கடைக்கு ஆள் வரமாட்டார்கள். அந்த நேரமெல்லாம் போனை வைத்துக்கொண்டு போனைப் பற்றியே வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். பேட்டரியை முழுசாக இறக்கிவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது எந்தக் காலத்து, எந்த வகை பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சட்டமாக்கிவிட்டேன். என் மனைவி செல்வி இருபது சதவீதத்தில் சார்ஜரைத் தேடினால், "இன்னும் உயிரு இருக்குதுல்ல, முழுசா போவட்டும்" என்பேன். (அவள் அப்போது என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மனுஷனைப் பற்றி முடிவெடுத்துவிட்ட பார்வை அது.)

செல்விக்குப் பிறந்த வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால். நானும் மலையில் பிறந்தவன்தான். படிப்பு என்று கீழே இறங்கி, படிப்பு ஏறாமல் கடையில் நின்றுவிட்டேன். ஆனாலும் மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்கு விஞ்ஞானி மரியாதை. மாமனார் சொல்பேச்சு கேட்கிறவர். சாமையும் தினையும் விதைக்கத் தெரிந்த தனக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று தானாகவே ஒதுங்கிக்கொள்கிறவர். டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டை தீர்ந்துபோனால் எடுத்து வெயிலில் காயப்போடுகிற ஆள். ஒருநாள் தன்னுடைய பட்டன் போனின் பேட்டரியையும் அந்தக் கட்டைகளோடு சேர்த்துக் காயவைத்திருந்தார்.

"மாமா, அது வேற இது வேற. இது லித்தியம். வெயிலு ஆவாது. ஜில்லுன்னு வச்சாத்தான் இதுக்கு ஆயுசு ஜாஸ்தி" என்றேன்.

"அப்பிடிங்களா மாப்ள" என்று உடனே எடுத்துக்கொண்டார். "நம்ம வூட்ல ஃப்ரிட்ஜ் இல்லியே."

முழுசாக இறக்கித்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படியே செய்தார். சாமை அறுப்பு சமயத்தில் போன் தானாக அணையும்வரை விட்டு, அணைந்ததைப் பரணில் போட்டுவிட்டு, அறுப்பு முடிந்து நிதானமாக எடுத்துப் பார்த்தார். லித்திய பேட்டரியைச் சொட்டு இல்லாமல் இறக்கிப் போட்டுவைத்தால் அது நிரந்தரமாகப் படுத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. "பழசு மாமா, அதான்" என்று சொல்லிவிட்டேன். அந்த போன் அதற்கப்புறம் பேசவே இல்லை. அதனால் அவர் செத்துப்போன அன்றைக்கு அந்த வீட்டில் போன் என்று ஒன்று இல்லை.

அது சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. முதல்நாள் அடித்த கோடை மழையில் மலைப் பாதையில் கம்பம் சாய்ந்து ஊருக்கே கரண்ட் இல்லை. விடியும்போது மாமனார் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய அண்ணன், அதாவது என் பெரிய மாமனார், தன் போனில் மிச்சமிருந்த சார்ஜில் எங்களைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார். சொல்லி முடித்ததும் அந்த போனும் அணைந்தது.

செல்விக்கு ஒரே தம்பி, குமரேசன். பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அவனுக்கு நான்தான் சொன்னேன். "இப்பவே கெளம்பறேன் மாமா. நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க. அப்பா மொகத்த ஒரு தபா பாத்துடணும்" என்றான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்டா. மேல கரண்ட் இல்ல. யாரு போனும் ஓடாது. நீ என் நம்பருக்கே பண்ணு. என்னுது சார்ஜ் நிக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு சாவுச் சேதியில் சேர்த்துச் சொன்னவன் தமிழ்நாட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கிளம்புகிற அவசரத்தில் செல்வியின் போன் சமையல் மேடையில் வயர் மாட்டினபடியே கிடந்துவிட்டது. பாதி மலை ஏறின பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "பரவால்ல, என்னுது இருக்குல்ல" என்றேன்.

ஐஸ் பெட்டி கீழேயிருந்து ஒரு மினி வேனில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. கூடவே ஒரு ஜெனரேட்டர். வாசலில் பலாமரத்தடியில் பந்தல் போட்டு, பெட்டியை வைத்து, மாமனாரை உள்ளே படுக்கவைத்தார்கள். கண்ணாடி மூடி வழியாக முகம் தெரிந்தது. தூங்குகிறவர் மாதிரி இருந்தார் என்று எல்லோரும் சொல்வதுபோல் நானும் சொல்லலாம். ஆனால் அவர் தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார். இது வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சார்ஜரோடு வந்துவிட்டார்கள். நான் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தேன். "ஜெனரேட்டர் கரண்ட் ஏறி எறங்கும். பேட்டரி உப்பிடும். யாரும் போடாதீங்க." வீட்டு மாப்பிள்ளை, விவரம் தெரிந்தவர் என்று எல்லோரும் சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆக, அந்த ஊரிலேயே உயிரோடு இருந்த போன் என்னுடையது ஒன்றுதான்.

செல்வி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பா மொகத்த ஒரு போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்புங்களேன். வழியெல்லாம் அழுதுக்கினு வருவான்."

"கேமராதான் சார்ஜ ஜாஸ்தி தின்னும். அவன்தான் நேர்ல வந்து பாக்கப்போறானே" என்றேன்.

அவள் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஊரில் டவர் கிடைப்பது அந்தப் பலாமரத்தடியிலும் இடுகாட்டுக்குப் போகிற மேட்டுப் பாதையிலும் மட்டும்தான். அதுவும் ஒரு கோடுதான். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் குமரேசன் கூப்பிட்டான். "ஓசூரு... பஸ்ஸு நின்னுபோச்சு..." என்று கேட்டது. அவ்வளவுதான், அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

பெரிய மாமனார் கணக்குப் போட்டார். "ஓசூர்லயே நிக்கறானா? அங்கேந்து எப்ப வர்றது, எப்ப மலை ஏர்றது? இன்னிக்கு வெள்ளிக்கெழம. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். நாளைக்கின்னா சனிக்கெழம. சனிப் பொணம் தனிப் போவாதும்பாங்க." பிறகு என் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. பையன் மறுபடி போன் பண்ணுவான். எங்க இருக்கான்னு தெரிஞ்சிக்கினு முடிவு பண்ணலாம். மாப்ள, போன கீழ வைக்காதீங்க."

ஒரு மகன் தகப்பன் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் என் கையிலிருந்த அந்தப் போனில் வந்து நின்றது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்றால் நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.

மழை பெய்த மறுநாள் வெயில் எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். டவருக்காகப் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே பந்தலுக்கு வெளியே நின்றேன். டவர் கம்மியாக இருந்தால் போன் அதைத் தேடித் தேடியே சூடாகும். என்னுடையது தோசைக்கல்லாகிவிட்டது. சூடு அதிகமாகிவிட்டது, ஆறவையுங்கள் என்று திரையில் வந்தது. சார்ஜ் என்னவோ பாதிக்குக் கிட்ட இருந்தது. சூடுதான் பேட்டரிக்கு எமன் என்பது நான் கரைத்துக் குடித்த பாடம். எங்கே ஆறவைப்பது? ஃப்ரிட்ஜ் இல்லை. பானைத் தண்ணீரில் போட முடியாது. அந்த ஊரிலேயே ஜில்லென்று இருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்.

நான் பெட்டியின் கால்மாட்டுக்குப் போனேன். மூடியைக் கொஞ்சம் தூக்கினேன்.

"இன்னா மாப்ள?" என்றார் பெரிய மாமனார்.

"மாலை நழுவிக்கினு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே, மாமனாரின் பாதத்துக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே, மாலைக்கு அடியில் போனைச் செருகிவிட்டு மூடியைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவதாகத்தான் திட்டம்.

அந்த நேரம் பார்த்து மாமியாரின் பிறந்த வீட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கோடி போட வந்தவர்கள். வந்த வேகத்தில் பெட்டியைச் சுற்றி வளைத்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். கால்மாட்டில் மட்டும் ஆறேழு பேர். நடுவில் புகுந்து மூடியைத் தூக்க முடியுமா? "கொஞ்சம் வழி விடுங்க, போன் உள்ள இருக்குது" என்று சொல்ல முடியுமா? (சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் திட்டு மட்டும்தான் வாங்கியிருப்பேன்.) நான் அங்குமிங்கும் நடந்தேன். மாமனார் சாவில் மாப்பிள்ளை இப்படித் தவிக்கிறாரே என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒப்பாரி ஒரு மூச்சு வாங்குவதற்காக நின்றது. அந்த இடைவெளியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

என் மகள் வைத்த ரிங்டோன். ஒரு கைக்குழந்தை வயிறு குலுங்கச் சிரிக்கும். நிற்காமல் சிரிக்கும். பெட்டியின் தகரத்தில் மோதி அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது. பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். ஒருவர் கோடித் துணியோடு ஜெனரேட்டர் மேல் விழுந்தார். மாமியாரின் அக்கா மட்டும் அசையாமல் நின்று கைகூப்பினார். "சிரிக்கறாருடி. ஒம்புருசன் மனசு குளுந்து சிரிக்கறாரு" என்றார். மனசா குளிர்ந்தது?

நான் பாய்ந்து மூடியைத் தூக்கினேன். கைவிட்டுத் துழாவினேன். மாமனாரின் கால் கட்டைவிரல் தட்டுப்பட்டது, அப்புறம் போன் தட்டுப்பட்டது. இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருந்தன. வெளியே எடுத்தேன். திரையில் குமரேசன் பெயர். பச்சையைத் தள்ள விரல் வைத்தேன். திரை இருண்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு மாப்ள?" என்றார் பெரிய மாமனார்.

"குமரேசங்க."

"இன்னா சொன்னான்?"

"எடுக்கறதுக்குள்ள அணைஞ்சிபோச்சு."

"ஏன் அணைஞ்சிது? சார்ஜு இருக்குன்னியே."

"இருக்குதுங்க. குளுருல..."

"குளுருல ஏன் வச்ச?"

"சூடா இருந்துச்சுங்க."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டத்துப் பக்கம் ஓடினார்கள்.

பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். உயிர் வரவில்லை. வெயிலுக்கு வந்த கண்ணாடி வேர்த்து, போன் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். யாரோ சார்ஜரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். "ஈரத்துல போட்டா கெட்டுடும்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. அதை யாரும் சரி என்று எடுத்துக்கொள்ளவில்லை. நான் வேண்டாம் என்று துரத்திய சார்ஜர்களெல்லாம் இப்போது ஜெனரேட்டரில் தொங்கின. ஒரு போன் எழுந்தது. ஆனால் குமரேசன் நம்பர்? அவனுடைய பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். நம்பர் என் போனுக்குள் கிடந்தது. செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரைச் சொன்னாள். கடைசி இரண்டு எண்ணில் அவளுக்கும் மாமியாருக்கும் தகராறு. மாற்றி மாற்றி அடித்துப் பார்த்ததில் ஓர் இந்திக்காரர் எடுத்தார். செத்த வீட்டு ஒப்பாரியைக் கேட்டுவிட்டு அவரும் ஏதோ ஆறுதல் மாதிரி சொன்னார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் யோசனைகளுக்கு அன்றைக்கு லீவே இல்லை.) என் சிம்மைக் கழற்றி அந்த ஓடுகிற போனில் போட்டால் அவன் கூப்பிடுவது அதில் வருமே. செல்வியின் முந்தானை ஊக்கை வாங்கி, போனின் ஓரத்தில் இருந்த பொடி ஓட்டையில் விட்டு ஓர் அழுத்து அழுத்தினேன். சிம் தட்டு வரவில்லை. இன்னும் பலமாகக் குத்தினேன். உள்ளே ஏதோ நறுக்கென்றது. தட்டு வரவில்லை. அது சிம் ஓட்டை இல்லை, மைக் ஓட்டை. நாம் பேசுகிற சத்தம் உள்ளே போகிற வழி. அதன் குரல்வளையில் ஊக்கைப் பாய்ச்சிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. "குடுங்க" என்று செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இனிமே நீங்க இதத் தொடாதீங்க."

பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. பெரிய மாமனார் மாமியாரிடம் போய் நின்றார். "ஓசூருன்னு சொன்னவன் இனி எங்கம்மா வரப்போறான். எடுத்துடலாமா?" மாமியார் பதில் சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைப் பெரிய மாமனாரின் மகன் போட்டார். நான் என் முறைக்குப் போட்டேன். யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். மண் மூடி, முள்ளு வைத்து, ஓடையில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு ஒற்றையடிப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெண்கள் வரக்கூடாத எல்லைக்கு வெளியே செல்வி நின்றிருந்தாள். ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் என் போன். திரை எரிந்துகொண்டிருந்தது.

உள்ளங்கையிலேயே வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சூடு பட்டதும் ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கிறாள். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. சார்ஜ் நாற்பத்து மூன்று. அவன் அனுப்பிய மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. 'மாமா ஏன் எடுக்கல. ஓசூர்ல பஸ் நின்னது காலையில. வேற பஸ்ல வந்துக்கினு இருக்கேன்.' 'கச்சிராயபாளையம் வந்துட்டேன். மலை பஸ் போயிடுச்சி. பைக் அனுப்புங்க.' 'மாமா எடுக்காதீங்க வந்துட்டேன்.'

"லைன்ல இருக்கான்" என்றாள் செல்வி. "நான் பேசறது அவனுக்குக் கேக்கல. நீங்க சொல்லுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். லாரி முனகுகிற சத்தம் கேட்டது. மரவள்ளி ஏற்றப்போகிற காலி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான்.

"மாமா? பாதி மலை ஏறிட்டேன் மாமா. எடுத்துடலியே?"

"எடுத்துட்டோம்டா" என்றேன்.

"கேக்கல மாமா."

"எடுத்துட்டோம்டா குமரேசா."

"ஒண்ணுமே கேக்கல. சத்தமா சொல்லுங்க. எடுத்துடலியே?"

ஊக்கு போன ஓட்டையில் வாயை வைத்து நான் கத்தினேன். எடுத்துட்டோம் என்று கத்தினேன். ஈரத் துணியோடு ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பக் கத்தினேன். ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தால் போதும் என்கிற அறிவு பிறகுதான் வந்தது. எந்தத் தடவை அவனுக்குக் கேட்டது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு கத்தலுக்குப் பிறகு அந்தப் பக்கம் லாரிச் சத்தம் மட்டும் இருந்தது.

அவன் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. காத்திருந்திருக்கலாம். அதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. நேராகப் புதைத்த மேட்டுக்குப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"போட்டோ எதுனா எடுத்தீங்களா மாமா?" என்று கேட்டான்.

செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் பேட்டரியைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். சமாசாரம் ரொம்பச் சின்னது. உள்ளே இரண்டு பக்கம். ஒன்று மலை, ஒன்று அடிவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடுவது என்பது லித்தியத் துகள்களைப் பிடித்துத் தள்ளி மலைமேல் ஏற்றுவது. போனைப் பயன்படுத்தும்போது அவை தாமாகவே இறங்கி வரும். இறங்குகிற வரத்துதான் நமக்குக் கரண்ட். சூட்டில் வைத்தால் பாதை அரிக்கும், ஆயுசு குறையும், அது உண்மைதான். சும்மா கிடக்கிற பேட்டரியை மிதமான குளிர்ச்சியில் வைப்பது நல்லது, அதுவும் உண்மைதான். ஆனால் வேலை செய்கிற பேட்டரியை ஐஸில் வைத்தால் நடுவில் இருக்கிற திரவம் மந்தமாகிவிடும். மேலே ஆள் கூட்டமாக நிற்கும், இறங்க முடியாது. போன் மணியடிக்க, திரை எரிய, டவரைப் பிடிக்க ஒரே நேரத்தில் நிறையக் கேட்கும். கேட்டது வராது. தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் போன் தன்னை அணைத்துக்கொள்ளும். உண்மையில் எதுவும் தீர்ந்திருக்காது. கொஞ்சம் சூடு காட்டினால் எழுந்துகொள்ளும். பந்தலில் நான் அதை என் கம்புக்கூட்டில் இடுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

இவ்வளவையும் படித்தபிறகு யாருக்குச் சொல்வது? எங்கள் வீட்டில் நான் 'பேட்டரி' என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆனால் கதை மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தி முடிவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஐஸ் பெட்டி வைத்த வீட்டுக்குப் போனால், "மாப்ள வர்றாரு, பெட்டிய பூட்டுங்க" என்பார்கள். கோடைக்காலத்தில் யாருடைய போனாவது சூடானால், "எந்தூர்லனா சாவு வுழுந்துருக்கான்னு பாரு" என்பார்கள். ஒப்பாரி நின்றதும் குழந்தை சிரித்தது, ஜெனரேட்டர் மேல் அம்மா விழுந்தது, 'குளுருல ஏன் வச்ச', 'சூடா இருந்துச்சுங்க' எல்லாம் வரும். ஆளுக்கொரு குரலில் நடித்துக் காட்டுவார்கள். கதை எப்போதும் அந்த இடத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. குமரேசன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அவனும் சிரிப்பான்.

போன மாதம் அவனுடைய மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் நான் அவனுக்குப் பக்கத்து இலை. களமருதூரிலிருந்து வந்திருந்த, பெரிய மாமனாரின் புது சம்பந்தி வீட்டார் ஒருவருக்கு யாரோ இந்தக் கதையைச் சொன்னார்கள். அவர் சாதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காததை ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"சரிங்க, அப்ப போன் பண்ணது யாரு?"

பரிமாறிக்கொண்டிருந்த செல்வி கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமரேசன் தலையை நிமிர்த்தாமல் ரசத்தைச் சாதத்தில் பிசைந்துகொண்டே சொன்னான்.

"எவனோ கம்பெனிக்காரன்ங்க. ரீசார்ஜ் பண்ணச் சொல்லி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.